நெரிசல் வேளையில் வலைச் சேவையகம்: காத்திருப்பின் கணக்கு

ஆய்வுச் சுருக்கம்

பயனர் பெருகும்போது வலைச் சேவையகம் படிப்படியாகத் தளர்வதில்லை. ஓர் எல்லைவரை சீராக இயங்கிப் பின்னர்த் திடீரென முடங்குகிறது. கருவியின் வலுக்குறைவைவிடக் காத்திருப்பு வரிசையின் வளர்ச்சியே இதற்குப் பெரிதும் காரணமாகிறது என்பதை வரிசைக் கோட்பாட்டின் துணையுடனும், 2013இல் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் முடங்கிய நிகழ்வின் வழியாகவும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலைச் சேவையகம், வரிசைக் கோட்பாடு, மறுமொழி நேரம், இடைச்சேமிப்பு, சுமைச் சோதனை.

முன்னுரை

தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும் தொடர்வண்டி முன்பதிவு தொடங்கும் வேளையிலும் 'சர்வர் டவுன்' என்னும் தொடரைக் கேளாதார் இலர். உடனே கூறப்படும் தீர்வு, இன்னும் பெரிய சேவையகம் வேண்டும் என்பதே. மின்னூலகம், ஆய்விதழ், சொற்களஞ்சியம் போன்ற தளங்களைக் குறைந்த நிதியில் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கு இது செலவு மிக்க தீர்வு. பல வேளைகளில் தேவையற்ற தீர்வும்கூட. சேவையகத்தினுள் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே அச்செலவைப் பற்றி முடிவெடுத்தல் தகும்.

காத்திருப்பின் கணக்கு

வரிசைக் கோட்பாடு கணினிக்கு முற்பட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங், தொலைபேசி அழைப்புகள் குறித்து 1909இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அழைப்பின் இடத்தில் வலைக் கோரிக்கையை வைத்தால் அதே கணக்கு இன்றும் பொருந்தும்.

ஒரு கோரிக்கையை நிறைவேற்றச் சராசரியாக 10 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் சேவையகம் ஒன்றைக் கொள்வோம். அதன் உச்சவரம்பு நொடிக்கு 100 கோரிக்கைகள். அவை சம இடைவெளியில் வந்து, ஒவ்வொன்றும் சரியாக 10 மில்லிநொடியில் முடியுமானால், 100 வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. மனிதர் அவ்வாறு வருவதில்லை. ஒரு கணம் கூட்டமாக வருகின்றனர். மறுகணம் ஒருவரும் இல்லை. வேலையின்றிக் கழிந்த மில்லிநொடியைச் சேமித்து வைத்துக் கூட்டம் வரும்போது செலவிட இயலாது. காத்திருப்பு பிறப்பது இங்கேதான்.

கோரிக்கைகளின் வருகையும் அவற்றுக்காகும் பணிநேரமும் சீரின்றி அமையும் எளிய மாதிரியில், பணிநேரத்தை 'ஒன்று கழித்தல் பயன்பாட்டு விகிதம்' என்பதால் வகுத்தால் மறுமொழி நேரம் கிடைக்கும். சேவையகம் பாதியளவு பயன்பாட்டில் இருக்கும்போது மறுமொழி நேரம் 20 மில்லிநொடி, 80 விழுக்காட்டில் 50, 90இல் 100, 95இல் 200, 99இல் 1,000 மில்லிநொடி, அதாவது ஒரு முழு நொடி. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. வருகை விகிதத்தை மறுமொழி நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் சேவையகத்தினுள் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை கிட்டும். நொடிக்கு 80 கோரிக்கைகள் வரும்போது உள்ளே இருப்பவை 4. 99 வரும்போது 99. வருகை கூடியது கால் பங்குக்கும் குறைவு. உள்ளே தேங்கியதோ ஏறத்தாழ 25 மடங்கு. தேங்கும் ஒவ்வொரு கோரிக்கையும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். அது நிறைந்தபின் 10 மில்லிநொடிப் பணியே 20, 30 என நீளும். நேற்றுவரை நன்றாக இயங்கிய தளம் இன்று ஏன் முடங்கியது என்னும் வினாவுக்குரிய விடை பெரும்பாலும் இவ்வெண்களில் உள்ளது.

இணைப்புகளைத் தாங்கும் முறை

அப்பாச்சி சேவையக மென்பொருளின் பழைய முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு செயல்முறை ஒதுக்கப்படும். அதன் இயல்பான உச்சவரம்பு 256. தமிழக உணவகங்களில் பரிமாறுபவரையும் 'சர்வர்' என்றே அழைப்பது இங்கு விளக்கத்திற்குத் துணையாகிறது. மேசைக்கு ஒருவர் என நிறுத்தினால், உண்பவர் மெல்ல உண்ணும்போது பரிமாறுபவர் வாளா நிற்பார். வாசலில் கூட்டம் சேரும். மெதுவான கைப்பேசி இணைப்பு ஒவ்வொன்றும் அத்தகைய மேசையே. ஒரு கணினி ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்க வேண்டும் என்று 1999இல் டான் கெகல் எழுதியதும், இகோர் சிசோயெவ் உருவாக்கிய எஞ்சின்எக்ஸ் 2004இல் வெளிவந்ததும் இச்சிக்கலை ஒட்டியே. எஞ்சின்எக்ஸில் ஒரு சில செயல்முறைகளே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்து, எதில் வேலை உள்ளதோ அதை மட்டும் நாடிச் செல்கின்றன. ஆயினும் பரிமாறும் முறை எத்துணைச் சிறந்ததாயினும் சமையலறை தாமதித்தால் பயனில்லை. வலைத்தளத்தின் சமையலறை தரவுத்தளம்.

2013 அக்டோபர்

ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவர் எனத் திட்டமிடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,50,000 பேர் வந்ததாக அதிகாரிகள் கூறினர். முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடித்தவர் அறுவர் மட்டுமே. கூட்டத்தையே காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் திறப்புக்குச் சற்றுமுன் நடந்த சோதனையில், சில நூறு பேர் நுழைந்தபோதே தளம் தடுமாறியதாகப் பின்னர்ச் செய்திகள் வெளிவந்தன. காப்பீட்டுத் திட்டங்களின் விலையைப் பார்க்க மட்டும் வந்தவரும் முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற அமைப்பே பெரும் பிழை என்பது என் கருத்து. பார்வையாளர் அனைவரும் ஒரே குறுகிய வாயிலில் நிறுத்தப்பட்டனர். திறந்து வைத்த பக்கமாக இருந்திருந்தால் பெரும்பாலோர்க்கு அவ்வாயிலே தேவைப்பட்டிராது.

சீரமைப்புக் குழுவினர் கருவிகளைக் கூட்டியதோடு நில்லாமல், அடிக்கடி கேட்கப்படும் தரவை இடைச்சேமிப்பில் வைத்தனர். பக்கம் தோன்ற ஏறத்தாழ 8 நொடி ஆன நிலை மாறி, நவம்பர் இறுதிக்குள் ஒரு நொடிக்கும் குறைந்தது. நெரிசல் மிகும்போது புதியவரை உள்ளே விடாமல் காத்திருப்புப் பக்கத்தில் நிறுத்தி, பின்னர் மின்னஞ்சல் வழி அழைக்கும் ஏற்பாடும் வந்தது.

இவ்வேற்பாடு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விடை கிடைக்காத பயனர் மீண்டும் மீண்டும் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். அவர் கைவிட்ட பழைய கோரிக்கைக்கும் சேவையகம் உழைத்துக்கொண்டேயிருக்கிறது. விடை பெறுவார் இல்லாத வேலையே சுமையாகிவிடுகிறது. கூட்டம் கலைந்த பின்னும் தளம் மீளாமைக்கு இதுவும் ஒரு காரணம். வரிசைக்கு ஒரு நீளம் வகுத்து, அதற்கு மேல் வருவோர்க்கு உடனே 503 என்னும் மறுமொழியை அனுப்புவதே முறை. எத்துணை நேரம் கழித்து வரலாம் என்பதையும் அதனுடன் குறிக்கலாம்.

தமிழ் மின்னூலகத் தளங்களுக்கு

நூற்பக்கமோ கட்டுரையோ வெளியானபின் அரிதாகவே மாறுகிறது. ஆயினும் பல தளங்கள் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தை வினவி அப்பக்கத்தைப் புதிதாகத் தொகுக்கின்றன. முன்கூறிய சேவையகத்தில், பத்தில் ஒன்பது கோரிக்கைகள் இடைச்சேமிப்பிலிருந்து 1 மில்லிநொடியில் நிறைவேறுமானால் சராசரிப் பணிநேரம் 1.9 மில்லிநொடியாகக் குறையும். உச்சவரம்பு 100இலிருந்து 500க்கும் மேல் உயரும். கருவி அதேதான். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் ('கொ' என்னும் எழுத்து 6 பைட்), சுருக்கிய வடிவில் பக்கத்தை அனுப்புவதும் இணைப்பு விரைந்து விடுபட உதவும். தேடல் பக்கத்திற்கு இது முழுமையாகப் பொருந்தாது. ஒவ்வொருவர் தேடும் சொல்லும் வேறு. தரவுத்தளத்தை நாடியே ஆக வேண்டும். ஆகவே தேடலுக்கெனத் தனி வரிசையும் அதற்குத் தனி வரம்பும் அமைத்தால், தேடல் நெரிசலுறும் வேளையிலும் நூற்பக்கங்கள் தடையின்றித் திறக்கும்.