நாய்க்கும் இடமிருந்த லொறி

மலையகத்திலிருந்து வன்னிக்குக் குடிபெயர்வது எமது மக்களுக்குப் புதிய விடயமல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் எமது வாசகிகள் பலரின் தாயோ பாட்டியோ ஏதோவொரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவராக இருப்பார். அவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள் என்பதுதான் கேள்வி. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் நிலவிய கடும் உணவுத் தட்டுப்பாடு ஒரு பகுதியினரைத் துரத்தியது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் ஆயிரக்கணக்கானோரைத் துரத்தின. சட்டி பானையைக்கூட எடுக்க நேரமின்றி, பிள்ளைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்களே அதிகம்.

அதே திசையில், அதே தூரத்தை, ஒரு தம்பதியினர் தமது நாயையும் ஏற்றிக்கொண்டு லொறியில் கடந்த பயணம் ஒன்றில் நானும் உடனிருந்தேன். அது 2024 பெப்ரவரி மாதம். கிளிநொச்சியில் எனக்கொரு பயிற்சி வகுப்பு இருந்ததால், "எங்க லொறியிலயே வாங்க மிஸ்" என்று அவர்கள் அழைத்தார்கள். அந்தப் பயணத்தில் கண்டதையும், புறப்படும் முன்னர் அவர்கள் செய்த ஆயத்தங்களையும் எமது சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வது பயனுள்ளது என நினைக்கிறேன்.

இரண்டு வீடுகளின் கதை

மனைவியை இங்கு 'அக்கா' என்றே குறிப்பிடுகிறேன். அவரது தாயார் 1977 வன்செயலின் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர். அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் வன்னியில். 2009இல் போரின் இறுதிக்கட்டத்தில் முதற் கணவரை இழந்தார். செட்டிகுளம் முகாம் வாழ்க்கைக்குப் பின் 2010இல் ஊர் திரும்பினார். காணி அனுமதிப்பத்திரம் அவரது சொந்தப் பெயரிலேயே கிடைத்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வீடும் கிடைத்தது. ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் பயனாளிகள் தாமே முன்னின்று கட்டிய வீடுகள் அவை என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

பின்னர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நோயுற்றிருந்த சின்னம்மாவைப் பராமரிக்கச் சென்ற அக்கா, அங்கேயே கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார். அங்கு ஒருவரை மணந்தார். கிளிநொச்சி வீட்டில் இருந்த தாயார் காலமானதும் வீடு பூட்டியபடி கிடந்தது. காணி பற்றையாகிவிட்டது என்று அயலவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள்.

போவதா, இருப்பதா? இந்தக் கேள்வி இருவரையும் ஒரு வருடம் வாட்டியது. கணவருக்கு இருந்தது லயக் காம்பரா ஒன்று. தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான் அதில் உரிமை. அக்காவிடமோ சொந்தக் காணியும் கல் வீடும் இருந்தன. கணக்குப் பார்த்தால் முடிவு இலகுவானது. ஆனால் வாழ்க்கை வெறுங்கணக்கு அல்லவே. "பொண்டாட்டி வீட்டுல போயி ஒக்காரப் போறியா?" என்று அவரது தாயார் கேட்டார். லயத்தில் சிலர் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெண்ணின் வீட்டில் கணவன் வந்து வாழ்வது வழமையான விடயம். தோட்டங்களிலோ மருமகள்தான் மாமியார் காம்பராவுக்கு வருவாள். ஒரே மொழி பேசும் இரண்டு சமூகங்களின் வழக்கங்களுக்கு இடையில் அந்த மனிதர் அகப்பட்டுக்கொண்டார். இறுதியில் அவர் தாயிடம் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "ஆத்தா, நம்ம தாத்தா காலத்துல இருந்து தொரை வீட்டுலதான் இருக்கோம். இவ வீட்டுல இருந்தா என்ன கொறஞ்சிறப் போகுது?"

நாயை ஏற்ற மறுத்த லொறிக்காரர்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, இடப்பெயர்வுக்குத் தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என இருவகை உண்டெனப் படித்தோம். 1966இல் இதுபற்றி எழுதிய எவரெட் லீ என்னும் அறிஞர், இவ்விரண்டுக்கும் நடுவே வரும் தடைகளையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்றார். எல்லைகள், தூரம், செலவு என்பனவே எமது குறிப்புகளில் இருந்த தடைகள். நாய் ஒரு தடையாக வருமென்று யாரும் படிப்பிக்கவில்லை.

மணி என்பது அதன் பெயர். லயத்து நாய்தான், சாதி நாய் அல்ல. தேயிலை மலைகளில் நடமாடும் சிறுத்தைகள் நாய்களைப் பிடித்துச் செல்வது அப்பகுதியில் அடிக்கடி நடப்பதால், மணி இரவில் வீட்டுக்குள்ளேயே படுத்துப் பழகியிருந்தது. முதலில் பேசிய லொறிக்காரர் நாயென்றதும் மறுத்துவிட்டார். "அங்க போயி வேற நாய் வளத்துக்கலாமே" என்று நானும்கூட எண்ணத்தான் செய்தேன். அக்கா சொன்னதைக் கேட்டபின் அந்த எண்ணம் போய்விட்டது.

"மிஸ், 2008 கடைசியில வீட்ட விட்டு வெளிக்கிடேக்க எங்கட நாய் சந்தி வரைக்கும் பின்னால ஓடி வந்தது. ட்ராக்டர்ல மனுசருக்கே இடமில்ல. திரும்பிப் பாக்காதன்னு அம்மா சொன்னாங்க. நான் பாத்தன். இந்த முறை என்னை ஒருத்தரும் துரத்தல. நானாத்தான் போறன். அப்ப ஏன் நான் விட்டுட்டுப் போகணும்?"

ஹட்டனில் இன்னொரு கன்டர் லொறிக்காரர் சம்மதித்தார். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கயிற்றில் கட்டியிருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் விதித்தார்.

வழிநெடுகிலும் எமது வரலாறு

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அலுமாரி, கட்டில், தையல் இயந்திரம், அம்மி, சாமிப்படங்கள், ஈரச் சாக்கில் சுற்றிய டேலியாக் கிழங்குகள் எல்லாம் ஏறின. முன்னால் சாரதியுடன் அக்காவும் நானும். பின்னால் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் கணவரும் மணியும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது மணி இரண்டு தரம் வாந்தி எடுத்தது. நாவலப்பிட்டியில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம்.

நாவலப்பிட்டிக்கு அடுத்து கம்பளை. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கியது இதன் அருகில்தான். அதற்கென அழைத்துவரப்பட்டவர்களிலிருந்தே மலையகத் தமிழரின் வரலாறு ஆரம்பிக்கிறது எனலாம். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த நடையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி நடந்தது. மலையகப் பெண்கள் பலரும் அதில் நடந்தார்கள்.

மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என்று எமது லொறி சென்றது அந்த நடைபாதையின் எதிர்த்திசையில். முன்னோர் வாரக்கணக்கில் நடந்த வழியை நாங்கள் ஒரு பொழுதில் கடந்தோம். இதனைச் சொன்னபோது கணவர், "அவங்க ஏறினாங்க, நாங்க எறங்குறோம்" என்று சிரித்தார்.

மதவாச்சியில் தலைமன்னாருக்கான புகையிரதப் பாதை பிரிகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எமது மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்படும்போது பிளாட்போம் முழுவதும் அழுகுரலாக இருக்குமாம். அழைத்துச் செல்ல முடியாத நாய்கள் தண்டவாளம் வழியே சிறிது தூரம் ஓடுமாம். இது அக்காவின் சின்னம்மா எமக்குச் சொன்னது.

வவுனியா தாண்டி ஓமந்தையை நெருங்கியதும் அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார். 2009இல் போர்ப் பகுதியிலிருந்து வெளியேறியவர்கள் சோதிக்கப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட இடம் அது. அந்தச் சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. அங்கு நிறுத்தச் சொல்பவர் எவருமில்லை. ஆனாலும் அக்காவின் கை தன்னிச்சையாக அடையாள அட்டை இருந்த பையைத் தேடியதைப் பார்த்தேன். லொறி நிற்காமல் போனபோதுதான் கையை எடுத்தார்.

மாங்குளம் கடந்து, பொழுது சாயும் நேரத்தில் கிளிநொச்சி. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். மணி இறங்கி, சூடான மணலில் காலை மாற்றி மாற்றி வைத்து, வேலியோரம் முகர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா குடத்தில் தண்ணீரும் தேநீரும் கொண்டுவந்தார். "நாயையும் கொண்டு வந்திட்டியளே! அப்ப இருக்கத்தான் வந்திருக்கிறியள்" என்றார். அக்காவின் முடிவை அந்த அம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

இடம் மாறும் முன் செய்ய வேண்டியவை

இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமல்ல. இருவரும் மூன்று மாதம் ஆயத்தம் செய்தார்கள். அவ்வாறு இடம் மாற நினைக்கும் சகோதரிகள் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ளவும்.

காணி: அக்காவின் அனுமதிப்பத்திரம் அவரது பெயரிலேயே இருந்தது. ஆனால் இறந்த கணவரின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள சகோதரிகள், மறுமணப் பதிவுக்கு முன்னர் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கட்டாயம் விசாரிக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மனைவி என்ற முறையில் மட்டும் காணியை அனுபவிப்பவர் மறுமணம் செய்தால் அந்த உரிமை பாதிக்கப்படலாம். பின்னுரிமையாளராக உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுமணம் செய்வது தவறல்ல. விசாரிக்காமல் செய்து காணியை இழப்பதுதான் துயரம்.

தோட்டத்துப் பணம்: பேரை வெட்டிக்கொண்டு வரும்போது ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி ஆகியவற்றின் அங்கத்துவ இலக்கங்களை எழுதி வாங்குங்கள். சேமலாப நிதியைப் பெறும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்கள் அதற்கு முன்னரும் விண்ணப்பிக்கலாம். இதற்குக் கால எல்லை உண்டு என்பதால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உரித்தாகும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறுவோருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைக்க வேண்டும்.

பதிவுகள்: பழைய கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் பெற்று, புதிய இடத்தில் பதியுங்கள். வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும கொடுப்பனவு, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி என்பவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லொறியில் மூட்டைகளோடு போட வேண்டாம்.

நாய்: விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் காலையில் சாப்பாடு கொடுக்காவிட்டால் வளைவுகளில் வாந்தி குறையும். தண்ணீர் மட்டும் அடிக்கடி கொடுங்கள். மதிய வெயில் நேரடியாகப் படும் இடத்தில் கட்ட வேண்டாம். புதிய வீட்டில் முதல் இரண்டு வாரமாவது கட்டி வைத்து நீங்களே உணவு கொடுங்கள்; இல்லாவிடில் பழைய வீட்டைத் தேடி ஓடும். குளிர்தேசத்து நாய்க்கு வன்னி வெயில் பழக நாளெடுக்கும். உண்ணி கடித்திருக்கிறதா என்று காதுகளில் பாருங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. ஆகவே எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் நாய் ஓடினால் அதன் பின்னால் நீங்கள் போகாதீர்கள்.

வீட்டாரின் மனம்: அக்காவின் மாமியார் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை மகன் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பதைப் புறப்படும் முன்னரே மூவரும் பேசி முடிவு செய்தார்கள். பேசாமல் விட்டுச் செல்லும் மனத்தாங்கல்கள் லொறியில் ஏற்றிய சாமானைவிடப் பாரமானவை.

எமது சகோதரிகள் பலர் தம் வாழ்நாளில் ஐந்து, பத்து, சிலர் இருபது தடவைகூட இடம்பெயர்ந்தவர்கள். எங்கே போவது, எப்போது போவது, எதை எடுப்பது என்று அந்த வேளைகளில் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்று ஒரு பெண், தன் பெயரிலுள்ள காணிக்கு, தான் தெரிவுசெய்த துணையுடன், தான் குறித்த நாளில் போக முடிகிறது. அவ்வாறு போகும்போது எதை விட்டுச் செல்வது என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். நாயொன்றுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். லொறிக்காரரிடம் வாடகை பேசும்போதே நாயையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.