ஓசை போன பிறகும் நிற்கும் எழுத்து

தெருமுனையில் நோட்டு, பேனா விற்கும் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷனரி என்ற சொல்லில் 'ஈ' எழுத்து வர வேண்டிய இடத்தில் பெயின்டர் 'ஏ' போட்டுவிட்டார். அப்படி எழுதினால் 'நகராமல் நிற்கிற' என்று பொருள்.

மயங்கொலிச் சொற்கள் நமக்குப் புதிதல்ல. ஆனால் பனியும் பணியும் குழம்பினால், நாக்கைச் சரியாக மடித்துச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் அந்த வழி இல்லை. இரவு என்னும் நைட்டையும் குதிரைவீரன் என்னும் நைட்டையும் லண்டன்காரரே சொன்னாலும் ஓசை ஒன்றுதான். வீரனுக்கு முன்னால் ஒரு 'கே' சும்மா நிற்கிறது.

அது ஒரு காலத்தில் சும்மா நிற்கவில்லை. 1400இல் இறந்த கவிஞர் சாசரின் நாளில் அந்தக் 'கே'யை வாய்விட்டே சொன்னார்கள். நடுவிலுள்ள 'ஜி', 'எச்' இரண்டும் சேர்ந்து தொண்டைப் பக்கம் உரசும் ஓர் ஒலி. அஃது என்பதில் வரும் நம் ஆய்தத்துக்குப் பங்காளி எனலாம். இதே சொல்லின் ஜெர்மன் உறவான 'க்னெஹ்ட்' இன்றும் இரண்டு ஒலிகளையும் விடவில்லை. என்ன, அங்கே அவன் வீரனல்ல, வேலையாள்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துகள் மெல்ல இறுகத் தொடங்கின. நாக்கோ தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. இறைச்சியைச் சொல்லும் மீட்டில் 'ஈ'யும் 'ஏ'யும் வரும்; சந்திப்பைச் சொல்லும் மீட்டில் இரண்டு 'ஈ'. முன்பு இறைச்சிக்கு வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். பிறகு இரண்டும் 'ஈ'காரமாகி ஒன்றில் கரைந்தன. அந்த ஓட்டத்தில் சேராமல் நின்றவை சில: கிரேட், பிரேக், ஸ்டேக்.

அட்வைஸ் வேறு சங்கதி. அது நம் காதுக்கு மட்டுமே மயங்கொலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'சி' எழுதும் பெயர்ச்சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது. 'எஸ்' எழுதும் வினைச்சொல்லில் வண்டு ரீங்கரிப்பதுபோல் விரல் அதிரும்.

பலகைக்கு வருவோம். கடிதஉறையான என்வலப் 'ஈ'யில் தொடங்குகிறது, கடைக்கும் 'ஈ' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் சொல்லின் பூர்வீகம் பெயின்டர் பக்கம். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர்ஊராகச் சுமந்து விற்றபோது, பல்கலைக்கழகங்களின் அருகே ஓரிடத்தில் கடைபோட்டு உட்கார்ந்த புத்தக வணிகருக்கு லத்தீனில் 'ஸ்டேஷனாரியஸ்' என்று பெயர். நகராமல் இருப்பவர். அவர் விற்ற சரக்குதான் ஸ்டேஷனரி.

கடைக்காரரிடம் பிழையைச் சொல்லப் போனவன், ஒரு பேனா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.