பம்பாயில் தொடங்கி அமெரிக்காவில் முடிந்த ஒலிப்பதிவு

அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2005-ல் ‘டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்’ என்ற பாடலை வெளியிட்டது. அந்தப் பாடலின் ஒலிப்பதிவு அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் தொடங்கிவிட்டது. பாடலைத் தாங்கி நிற்பவை இரண்டு இந்திப் படப் பாடல்கள். ஒன்று 1972-ல் வந்த ‘அபராத்’ படத்தின் ‘ஏ நௌஜவான்’. மற்றொன்று 1978-ல் வந்த ‘டான்’ படத்தின் ‘யே மேரா தில்’. இரண்டுக்கும் இசையமைத்தவர்கள் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி சகோதரர்கள். இரண்டையும் பாடியவர் ஆஷா போஸ்லே.

இந்தப் பாடல்களில் ஒலிக்கும் ஃபங்க் இசை 1960-களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடம் உருவானது. ஜேம்ஸ் பிரவுனின் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ (1965), ‘கோல்ட் ஸ்வெட்’ (1967) ஆகிய பாடல்கள் அதற்கு வழிவகுத்தன. அதுவரை அங்கே வெகுமக்கள் இசையில் நான்கு தட்டுகளில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி விழுவதே வழக்கம். பிரவுன் அழுத்தத்தை முதல் தட்டுக்குக் கொண்டுவந்தார். கச்சேரியில் எல்லோரும் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து சேர்வதைப் போல, ஃபங்க்கில் எல்லாக் கருவிகளும் முதல் தட்டில் கூடும். மற்ற இடங்களில் டிரம், பேஸ் கித்தார், ரிதம் கித்தார், ட்ரம்பெட், சாக்சபோன் ஆகியவை ஆளுக்கொரு சிறிய சொற்கட்டை வாசித்துக்கொண்டிருக்கும். ஒன்று விட்ட இடைவெளியில் இன்னொன்று நுழையும். மெட்டைக் காட்டிலும் இந்தப் பின்னல்தான் பாட்டுக்கு உயிர்.

1971-ல் வெளியான ‘ஷாஃப்ட்’ என்ற துப்பறியும் படத்துக்கு ஐசக் ஹேய்ஸ் அமைத்த இசை ஃபங்க்கைத் திரைக்கு நெருக்கமாக்கியது. காலால் மிதிக்கும் வா-வா பெடல் வழியாகக் குழைந்து வரும் கித்தார் ஒலி, துரத்தல் காட்சிக்கும் கடத்தல் கும்பலுக்கும் அடையாளமானது. அதே காலத்தில் இந்திப் படங்களிலும் கடத்தல்காரர்கள், கேபரே நடனங்கள், கார் பந்தயங்கள் பெருகின. அவற்றுக்குப் பொருந்தும் ஒலி தேவைப்பட்டது.

கட்ச் வணிகக் குடும்பத்திலிருந்து வந்த கல்யாண்ஜிக்குப் புதிய கருவிகளில் தீராத ஆர்வம். 1954-ல் வந்த ‘நாகின்’ படத்தில் இந்தியாவையே ஆட்டிவைத்த மகுடி இசையை அவர் கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியில்தான் வாசித்தார். தம்பி ஆனந்த்ஜி இசையமைப்பில் அவருக்கு இணையாக நின்றார். இன்னொரு தம்பி பாப்லா தாளக் கலைஞர். பம்பாய் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துப் பழகிய கோவா கிறிஸ்தவக் கலைஞர்கள் பலர் திரை இசைக்கூடங்களில் வேலை செய்தார்கள். மேற்கத்திய இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் தெரிந்த அவர்கள் ட்ரம்பெட், டிராம்போன், சாக்சபோன் வாசித்தார்கள். பின்னணி இசையைக் கருவிகளுக்குப் பிரித்து எழுதும் அரேஞ்சர்களில் பலரும் அவர்களே.

அன்றைய ஒலிப்பதிவு முறை இன்றையதைப் போன்றதல்ல. பெரிய கூடத்தில் டஜன் கணக்கான கலைஞர்கள் கூடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் பாடகி நிற்பார். சில மைக்குகளில் விழும் ஒலியை அந்த நொடியிலேயே கலந்து பதிவு செய்வார் ஒலிப்பதிவாளர். ஒரு வயலின் பிசகினாலும் டேக் வீண். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இப்படிப் பதிவானதில் குரலையும் கருவிகளையும் பின்னர் தனித்தனியே பிரிக்க அன்று வழி இல்லை. இந்தப் பாடல்களின் பிற்கால வாழ்க்கைக்கு இது முக்கியமான செய்தி.

‘அபராத்’ நடிகர் ஃபெரோஸ் கான் இயக்கிய முதல் படம். ‘ஏ நௌஜவான்’ அதில் வரும் கேபரே பாடல். ஆறு ஆண்டுகள் கழித்து, சந்திரா பரோட் இயக்கத்தில், சலீம்–ஜாவேத் எழுத்தில், அமிதாப் பச்சன் நடிப்பில் ‘டான்’ வந்தது. கடனில் சிக்கியிருந்த ஒளிப்பதிவாளர் நரிமன் இரானியைக் கைதூக்கிவிட நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய படம் அது. ஆனால், படம் வெளியாகும் முன்பே அவர் விபத்தில் இறந்துபோனார்.

இந்தீவர் எழுதிய ‘யே மேரா தில்’ பாடலுக்குக் கதையில் ஒரு வேலை உண்டு. காதலனைக் கொன்ற கும்பல் தலைவன் டானைப் பழிவாங்க வந்த காமினி, போலீஸ் வந்து சேரும்வரை அவனை ஹோட்டல் அறையில் நிறுத்திவைக்க ஆடுகிறாள். அவனுடைய துப்பாக்கியிலிருந்து குண்டுகளையும் எடுத்துவிடுகிறாள். அந்த வேடத்தில் ஆடியவர் ஹெலன். மயக்குவதும் பதற்றமும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். ட்ரம்பெட்டுகளின் வெடிப்பும் வயலின்களின் விரைந்த ஓட்டமும் பதற்றத்தைத் தருகின்றன. மூச்சோடு கலந்த ஆஷாவின் குரல் மயக்கத்தைத் தருகிறது. இந்தப் பாடலுக்காக அவர் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். அது அவருக்கு ஏழாவது. இனித் தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அதன்பின் அவரே கேட்டுக்கொண்டார். தமிழில் ‘டான்’ 1980-ல் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’ ஆனது. எம்.எஸ்.விஸ்வநாதன் அதற்குத் தன் சொந்த மெட்டுகளையே அமைத்தார்.

இந்தப் பாடல்களின் இரண்டாம் பயணம் சாம்பிளிங் வழியாக நடந்தது. பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய பாட்டைக் கட்டும் முறை அது. 1998-ல் டான் தி ஆட்டோமேட்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், கல்யாண்ஜி–ஆனந்த்ஜியின் திரை இசையோடு புதிய டிரம் ஒலிகளைச் சேர்த்து ‘பாம்பே தி ஹார்ட் வே’ என்ற தொகுப்பை வெளியிட்டார். இந்தியப் படங்களின் ஃபங்க்கை மேற்குலகின் இளைய ரசிகர்கள் திரும்பிப் பார்க்க அது காரணமானது.

பிளாக் ஐட் பீஸ் குழுவின் வில்.ஐ.ஆம் முதலில் வந்து சேர்ந்த இடம் தமிழ்ப் பாட்டு. 2003-ல் வெளியான ‘எலிஃபங்க்’ தொகுப்பின் ‘தி எலிஃபங்க் தீம்’, 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘உனக்கும் எனக்கும்’ பாடலின் ஒலியை எடுத்தாண்டது. ரஜினி ராகவேந்திர சுவாமிகளாக நடித்த பக்திப் படத்தின் பாட்டு, 18 ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஃபங்க் பாட்டுக்குள் புகுந்தது. 2007-ல் ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ., ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாடலைத் தன் ‘பாம்பூ பங்கா’ பாட்டில் பயன்படுத்தினார்.

‘மங்கி பிசினஸ்’ தொகுப்புக்காக வில்.ஐ.ஆம் ‘டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்’டை உருவாக்கியபோது இரண்டு பம்பாய்ப் பதிவுகளோடு, லிசா லிசா அண்ட் கல்ட் ஜாம் குழுவின் 1980-களின் பாடல் ஒன்றின் மெட்டும் சேர்ந்தது. அதன்மேல் ஃபெர்கியின் குரலும் குழுவினரின் ராப்பும் பதிவாயின. தலைப்பில் உள்ள சொல் வசைபோல ஒலித்ததால், சில வானொலிகளுக்காக ‘டோன்ட் மெஸ்’ என்று மாற்றிய பதிப்பும் தயாரானது. பாடல் பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. 2006-ல் ராப் இரட்டையர்–குழுப் பிரிவில் கிராமி விருது பெற்றது. மூல மெட்டுக்காகக் கல்யாண்ஜி–ஆனந்த்ஜிக்கு அமெரிக்க இசை உரிமை அமைப்பான பி.எம்.ஐ. விருது கிடைத்தது. கல்யாண்ஜி 2000-லேயே மறைந்துவிட்டதால் அதைப் பார்க்க அவர் இல்லை.

எல்லாப் பாட்டுக்கும் இப்படி முறையான அங்கீகாரம் கிடைத்துவிடவில்லை. 2002-ல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய ‘அடிக்டிவ்’, ‘ஜோதி’ படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடலை அனுமதியின்றி எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர் பப்பி லாஹிரி லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் அந்தப் பாடல் இடம்பெற்ற தொகுப்பை விற்கக் கூடாது என்று 2003-ல் தடை பிறந்தது.

இந்த வரலாற்றில் இன்னும் தீராத கணக்கு வாத்தியக் கலைஞர்களுடையது. குரலைப் பிரித்தெடுக்க முடியாததால், சாம்பிள் எடுத்தவர்கள் பெரும்பாலும் நாடியது பாட்டின் முகப்பிசையையும் இடையிசையையும்தான். அவை அரேஞ்சர்களும் வாத்தியக் கலைஞர்களும் உழைத்த இடங்கள். அன்று நாள் கூலியோடு அவர்களின் பங்கு முடிந்தது. இசைத்தட்டு உறையில் அவர்கள் பெயரும் இருக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவானது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடி டிரம், உலகிலேயே அதிகம் எடுத்தாளப்பட்ட தாளங்களில் ஒன்று. பாடலாசிரியராகவோ உரிமையாளராகவோ அவர் பெயர் இல்லாததால், 2017-ல் இறக்கும்வரை உரிய பங்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

‘ஏ நௌஜவா’னும் ‘யே மேரா தில்’லும் பதிவான நாட்களில் இந்தியச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர்களுக்கென்று தனி உரிமையே கிடையாது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் கொண்டுவந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இசையமைப்பாளர், பாடலாசிரியர், நிகழ்த்துகலைஞர் ஆகியோரின் ராயல்டியை வலுப்படுத்தியது. ஆனால், யார் வாசித்தார் என்ற குறிப்பு இருந்தால்தான் உரிமையைக் கோர முடியும். ஆகவே, மூத்த கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே எந்தப் பாட்டில் யார் எந்தக் கருவி வாசித்தார் என்பதைக் கேட்டு ஆவணப்படுத்துவது பம்பாய்க்கும் சென்னைக்கும் பொதுவான, அவசரமான வேலை.