சுருட்டை மயிரும் சடைமுடியும்

புனே நகரிலும் அதனைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலும், தலைமயிர் முழுவதும் திரண்டு கயிறுபோல் இறுகிவிட்ட பெண்கள் சிலரைக் காணலாம். மராத்தியர் இதனை ‘ஜட்’ என்பர். தமிழில் சடை அல்லது சடைமுடி என்கிறோம். இது எல்லம்மா தேவியின் அழைப்பு என்றும், இதை வெட்டினால் குடும்பத்திற்குக் கேடு நேரும் என்றும், உயிருக்கே ஆபத்து விளையக்கூடும் என்றும் பலர் நம்புகின்றனர். இதற்கு அடுத்த நிலையில் வேறொரு துன்பமும் உண்டு. பிறவியிலேயே நெருங்கிச் சுருண்ட மயிரையுடைய சிறுவர் சிறுமியர் பள்ளியில் கேலிக்கு ஆளாகின்றனர். முந்தியதை மக்கள் தெய்வச் செயல் என்று அஞ்சுகின்றனர்; பிந்தியதை உடற்குறை என்று எண்ணுகின்றனர். சுருட்டை மயிர் இயற்கையின் அமைப்புகளுள் ஒன்று. சடையோ மயிரைச் சிக்கெடுக்காமல் விடுவதால் உண்டாகும் நிலை. இவ்விரண்டின் வேறுபாட்டையும், ஒன்று மற்றொன்றாக மாறக்கூடிய விதத்தையும் கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் மிகவும் பயன் தரும்.

மயிரின் அமைப்பு

மனிதனின் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் தோலினுள் புதைந்திருக்கும் மயிர்க்காலிலிருந்து வளர்கின்றது. மயிர்க்காலின் அடியிலுள்ள உயிரணுக்களே உயிருள்ளவை. தோலுக்கு வெளியே நாம் காணும் பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆகிய உயிரற்ற இழையாகும். அதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆகவேதான் மயிரை வெட்டும்பொழுது வலி தோன்றுவதில்லை. சடைமுடியும் இவ்விழைகளின் தொகுதியே ஆதலால், அதை வெட்டுவதாலும் வலியோ இரத்தப்போக்கோ உண்டாவதில்லை.

மயிரிழையின் மேற்புறத்தை, கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ள மெல்லிய செதில்கள் மூடியுள்ளன. அவற்றின் நுனிகள் மயிரின் முனையை நோக்கி அமைந்திருக்கின்றன. செதில்கள் ஒழுங்காகப் படிந்திருக்கும்வரை மயிர் வழுவழுப்பாக இருக்கும். அவை கிளர்ந்து நின்றால் ஒரு மயிர் மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும். சடை உண்டாவதை விளங்கிக்கொள்ள இவ்விவரம் இன்றியமையாதது.

மயிர் சுருள்வது ஏன்?

நேரான மயிரை வளர்க்கும் மயிர்க்கால் பெரும்பாலும் நேராக அமைந்திருக்கும். சுருண்ட மயிரை வளர்க்கும் மயிர்க்காலோ தோலினுள் வளைந்திருக்கின்றது. அதனின்று வெளிப்படும் இழையின் குறுக்கு வெட்டு, வட்டமாக இராமல் தட்டையான நீள்வட்டமாகக் காணப்படுகின்றது. இழையின் இருபுறங்களிலுமுள்ள உயிரணுக்களும் ஒரே தன்மையுடையனவாக இருப்பதில்லை. இக்காரணங்களால் மயிர் ஒரு பக்கமாக வளைந்து சுருளாகின்றது. இப்பண்பு பெற்றோரிடமிருந்து பல மரபணுக்களின் வழியாகப் பிள்ளைகளுக்கு வருவதாகும்.

மயிரின் வடிவத்தை நிலைநிறுத்தும் இரசாயனப் பிணைப்புகளுள் இரண்டு முக்கியமானவை. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் பட்டவுடன் இது தளர்ந்து, உலர்ந்ததும் மீண்டும் அமைகின்றது. மற்றொன்று கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து உண்டாகும் உறுதியான பிணைப்பு. சூடேற்றிய இரும்புக் கருவியால் மயிரை நேராக்கும்பொழுது முதல்வகைப் பிணைப்பே மாறுதலடைகின்றது. ஆகையால் அடுத்த முறை நனைந்ததும் சுருள் திரும்பி வந்துவிடுகின்றது. கடுமையான இரசாயனப் பொருள்கள் கந்தகப் பிணைப்பையே அறுத்துவிடும். ஆயினும் மயிர்க்காலின் வளைவு மாறுவதில்லை. புதிதாக வளரும் மயிர் சுருண்டே வளரும்.

சுருட்டை மயிர் குறையன்று

உலகின் பல பகுதிகளில் நெருங்கிச் சுருண்ட மயிரே இயல்பான மயிராகும். நம் நாட்டிலேயே கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி மக்களிடமும், அந்தமான் தீவுகளின் ஜாரவா, ஓங்கே மக்களிடமும் இதனைக் காணலாம். பிற சமூகங்களிலும் ஒரே குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நேரான மயிரும் மற்றொன்றிற்குச் சுருண்ட மயிரும் அமைவதுண்டு.

இவ்வமைப்பினால் நன்மையும் உண்டு. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வெப்பத்தை அளக்கவல்ல மனிதப் பொம்மையின் தலையில் நேரான மயிர், மிதமாகச் சுருண்ட மயிர், நெருங்கிச் சுருண்ட மயிர் ஆகியவற்றைத் தனித்தனியே பொருத்தி, சூரிய ஒளியை ஒத்த ஒளியைப் பாய்ச்சிச் சோதித்தனர். மூன்றனுள் நெருங்கிச் சுருண்ட மயிரே தலைக்குள் வெப்பம் புகுவதை மிகுதியாகத் தடுத்தது. கடும் வெயிலில் தலையைக் காக்கும் குடையாக அது பயன்படுகின்றது என்பது இதனால் தெளிவாயிற்று.

மயிரின் நிறத்தையும் மண்டையோட்டின் அளவையும் கொண்டு மனித இனங்களைத் தரம் பிரிக்கும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் நடைபெற்றன. மயிரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி அட்டை ஒன்றை உருவாக்கிய யூகன் ஃபிஷர் இத்துறையில் முதன்மையானவர். அவருடைய மேற்பார்வையில் பெர்லினில் ஆராய்ச்சி செய்தவர் இராவதி கார்வே. மண்டையோடுகளின் சமச்சீரின்மைக்கும் இன வேறுபாட்டிற்கும் தொடர்பில்லை என்ற முடிவையே அவர் கண்டார். பின்னர் 1939ஆம் ஆண்டில் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்து, மானிடவியலில் புகழ்பெற்றார். உடலின் அளவுகளிலிருந்து மனிதரின் உயர்வு தாழ்வைக் கணிக்க இயலாது என்பது இன்று விஞ்ஞான உலகம் ஒப்புக்கொண்ட உண்மையாகும்.

சடை உண்டாகும் விதம்

ஒவ்வொரு நாளும் 50 முதல் 100 மயிர்கள் இயல்பாகவே உதிர்கின்றன. சீப்பினால் வாரும்பொழுது இவை வெளியேறிவிடும். ஒரு மாதம் முழுவதும் வாராமல் இருந்தால் 1,500 முதல் 3,000 வரை உதிர்ந்த மயிர்கள் தலையிலுள்ள மயிர்களிடையே சிக்கிக்கொள்ளக்கூடும். நீண்ட மயிரிலும் சுருண்ட மயிரிலும் இவ்வாறு சிக்குவது எளிது. காரத்தன்மை மிகுந்த சவுக்காரத்தைத் தேய்த்து, மயிரனைத்தையும் உச்சியில் குவித்துக் கசக்கினால் செதில்கள் கிளர்ந்து ஒன்றையொன்று பற்றுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இவற்றுடன் சேர்ந்து இறுகுகின்றன. நீண்ட காலம் நோயுற்றுப் படுக்கையிலிருப்போர்க்கும், மனநலம் குன்றித் தம்மைப் பேண இயலாதவர்க்கும், பேன்தொல்லை மிகுந்தவர்க்கும் சடை பிடிப்பதைக் காணலாம்.

சடை ‘தானாகவே’ நீண்டு வளர்கின்றது என்பதை மக்கள் அற்புதமாகக் கருதுகின்றனர். இதன் காரணமும் எளியது. மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கின்றது. ஒரு மயிர் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்தபின் உதிர்ந்துவிடுவதால் அதன் நீளத்திற்கு ஓர் எல்லையுண்டு. சடையிலோ உதிர்ந்த மயிரும் வெளியேறாமல் கட்டுண்டு நிற்கின்றது. வேர்ப்புறத்தில் புதிய மயிர் சேர்ந்துகொண்டே போகின்றது. எனவே சடை வழக்கமான நீளத்தைக் கடந்து நீண்டு, கனமும் மிகுகின்றது. மயிர் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் நீரை உறிஞ்சக்கூடியது. இழைகளின் இடையிலும் நீர் தேங்குமாதலால், குளித்தபின் சடையின் பாரம் இன்னும் கூடும், எளிதில் உலராது. கழுத்துவலி, மயிர்க்கால்கள் இழுபடுதல், பேன், சொறிவதால் உண்டாகும் புண், துர்நாற்றம் ஆகியன இதன் விளைவுகள். இறுகிய சடைக்குள் ஈருளியும் செல்லாது, மருந்தும் செல்லாது.

போலந்தில் நிலவிய அச்சம்

சடையைப் பற்றிய அச்சம் இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் போலந்து நாட்டில் பல நூற்றாண்டுகளாகச் சடை மிகுதியாகக் காணப்பட்டது. உடலிலுள்ள நோய் சடையின் வழியாக வெளியேறுகின்றது என்றும், அதை வெட்டினால் நோய் திரும்பி உள்ளே சென்று குருடாக்கும் அல்லது பித்தம் பிடிக்கச் செய்யும் என்றும் அந்நாட்டினர் நம்பினர். மருத்துவர் சிலரும் அதைத் தனி நோயாகவே கருதி வந்தனர். 19ஆம் நூற்றாண்டில் கிராக்கோ நகர மருத்துவர் யோசெஃப் டீட்டில் இதனை ஆராய்ந்து, சடை ஒரு நோயன்று, தூய்மையின்மையால் விளையும் சிக்கே என்று எடுத்துரைத்தார். அச்சமின்றி வெட்டிவிடலாம் என்ற அறிவு பரவியபின் அவ்வழக்கம் படிப்படியாக மறைந்தது. எல்லம்மாவின் பெயரையே அறியாத நாட்டிலும் அதே சடையும் அதே அச்சமும் இருந்தன என்பதை மக்களிடம் எடுத்துரைப்பது பயனளிக்கும்.

புனேயில் நடைபெறும் பணி

மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் இவ்வச்சத்தின் விளைவு கடுமையானது. பெண் குழந்தையின் தலையில் சிறு சிக்கு தோன்றினால், அது தேவியின் அடையாளம் எனக் கருதி வாருவதை நிறுத்திவிடுவர். மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் பூசப்படும். வாராமையால் சிக்கு சடையாக முதிரும். முதிர்ந்த சடை நம்பிக்கையை மேலும் உறுதிப்படுத்தும். இவ்வாறு சடை கண்ட சிறுமிகள் பலர் பெலகாவி மாவட்டத்துச் சவதத்தியிலுள்ள எல்லம்மாவிற்குத் தேவதாசிகளாக அர்ப்பணிக்கப்பட்டனர். இவ்வழக்கத்தைத் தடுக்கப் பம்பாய் மாகாணத்தில் 1934ஆம் ஆண்டிலும், கர்நாடகத்தில் 1982ஆம் ஆண்டிலும், மகாராஷ்டிரத்தில் 2005ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. குழந்தைப் பருவத்தில் ஒரு சீப்பினால் நீக்கியிருக்கக்கூடிய சிக்கு, சில பெண்களின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்துவிட்டது.

டாக்டர் நரேந்திர தாபோல்கர் 1989ஆம் ஆண்டில் தோற்றுவித்த மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதி இத்துறையில் தொடர்ந்து பணியாற்றி வருகின்றது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் அவர் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரும் அப்பணி நிற்கவில்லை. சமிதியின் புனே ஊழியரான நந்தினி ஜாதவ் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சடையை நீக்கியுள்ளார். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் அப்பெண்ணிடமும் குடும்பத்தாரிடமும் பேசி அச்சத்தைப் போக்குவதே இப்பணியில் முதன்மையானது. ஒரே சந்திப்பில் இசைவு கிடைப்பது அரிது. பொறுமையுடன் பலமுறை செல்ல நேரிடும். முன்னரே சடை நீக்கிக்கொண்டு நலமாக வாழும் ஒரு பெண்ணின் சொல், வெளியாரின் விளக்கத்தைவிட விரைவில் ஏற்கப்படும்.

புதிதாகத் தோன்றிய சிக்கை எண்ணெயில் ஊறவைத்து, சிக்குவாரியைக் கொண்டோ முனை மழுங்கிய ஊசியைக் கொண்டோ நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். முற்றிலும் இறுகியதைப் பிரிக்க இயலாது. தலைத்தோலுக்குச் சற்று மேலே வெட்டிவிடுவதே வழி. பின்னர் தலையைக் கழுவிப் புண் உள்ளதா எனப் பார்த்து, இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். மன உளைச்சலின் குறிகள் காணப்பட்டால் அதற்குரிய மருத்துவரின் உதவியும் அவசியம்.

தாமே விரும்பி மயிரைத் திரிகளாக முறுக்கி, தூய்மையாக வைத்துக்கொள்வோரும் உலகில் பலர் உளர். அது அவரவர் விருப்பம். அச்சத்தினால் சுமக்கப்படும் சடையோடு அதனைச் சேர்த்து எண்ணலாகாது.

சுருட்டை மயிரைப் பேணும் முறை

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான மயிரில் எளிதாக நுனிவரை இறங்குகின்றது. சுருள்களின் வழியே அது எளிதில் இறங்குவதில்லை. ஆதலால் சுருட்டை மயிர் விரைவில் வறண்டு, வளைவுள்ள இடங்களில் ஒடிகின்றது. இதனைப் பேணுவதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை, முறையே முக்கியம்.

1. உலர்ந்த நிலையில் வாரலாகாது. நீரால் நனைத்து, எண்ணெய் தடவியபின் வாருதல் வேண்டும்.

2. மயிரை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பின்னர் பல் அகன்ற சீப்பினாலும் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும்.

3. கழுவும்பொழுது மயிரை உச்சியில் குவித்துக் கசக்காமல், தலைத்தோலை விரல்களால் தேய்த்து, மயிரைத் தொங்கவிட்டே அலசுதல் நலம். துணிச் சவுக்காரத்தைத் தவிர்த்தல் வேண்டும்.

4. தேங்காயெண்ணெய் மயிரிழையின் உள்ளே ஊடுருவவல்லது. தலை கழுவுவதற்கு முன் அதைத் தடவினால், கழுவும்பொழுது மயிரிலிருந்து புரதம் இழக்கப்படுவது குறைகின்றது என்று 2003ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டியுள்ளது.

5. பின்னலைத் தளர்வாகவே போடவேண்டும். நாள்தோறும் இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோரத்து மயிர்க்கால்கள் அழிந்து வழுக்கை உண்டாகும்.

6. மயிரை நேராக்கும் இரசாயனங்களைச் சிறுவர்க்குப் பயன்படுத்தலாகாது. அவற்றுள் சில தோலை எரிக்கும் காரம் உடையவை. சிலவற்றினின்று தீங்கு தரும் ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிப்படும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

பள்ளி ஒழுங்கு என்ற பெயரில் இயற்கையான மயிரைக் குற்றமாக்குவது பல நாடுகளில் எதிர்க்கப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், தம் இயற்கையான மயிருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்து மாணவிகள் 2016ஆம் ஆண்டில் போராடினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மயிரின் அமைப்பைக் காரணமாகக் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேறுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டில் சட்டத்தால் தடைசெய்தது.

நம் பள்ளிகளில் சுருட்டை மயிருள்ள குழந்தையைப் ‘படியாத தலை’ என்று கடிந்துகொள்வதற்கு மாறாக, அம்மயிர் படியாதது ஏன் என்பதையே உயிரியல் பாடமாக்கலாம். நேரான மயிர் ஒன்றையும் சுருண்ட மயிர் ஒன்றையும் பூதக்கண்ணாடியில் காட்டி, நனைத்தால் சுருள் நீள்வதையும் உலர்ந்தால் மீள்வதையும் மாணவர்களே கண்டறியச் செய்யலாம். அங்கன்வாடி ஊழியரும் ஆஷா பணியாளரும் வீடுகளுக்குச் செல்லும்பொழுது, சிறுமியின் பிடரியில் சிக்கு விழுந்துள்ளதா என்று தாயின் துணையுடன் பார்த்து, இருப்பின் அன்றே எண்ணெய் தடவிச் சிக்கெடுத்துக் காட்டுவது நன்று. நம்பிக்கையைப் பழித்துப் பேசுவதால் கதவு அடைபடும். சிக்கு அவிழ்ந்து, அதனால் கேடெதுவும் நேரவில்லை என்பதை அக்குடும்பம் நேரில் காணுமாயின், அடுத்த வீட்டாரும் தாமாகவே சீப்பை எடுப்பர்.