பொதுப் பங்குடைமையும் கார் நிறுவனத்தின் பந்தய அணியும்: மகிந்திரா ரேசிங்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கார் நிறுவனம் மோட்டார் பந்தய அணி நடத்தினால், அந்தச் செலவு எண்ணற்ற பங்குதாரர்களின் பணத்திலிருந்து போகிறது. அணி வென்றால் கைதட்டுவது ரசிகர்கள். தோற்றால், அல்லது செலவு மிகுந்தால், கேள்வி கேட்பது பங்குதாரர்கள். இந்தக் கேள்வி ஓர் அணியை எப்படி வாழவைக்கிறது, எப்படி மூடவைக்கிறது என்பதற்கு இந்தியாவில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு மகிந்திரா ரேசிங்.

மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ உலகப் பந்தயத்தில் ஓடும் ஒரே இந்திய அணி இது. 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்திலிருந்தே களத்தில் இருக்கிறது. அன்று இந்த அணிக்காக ஓட்டியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த கருண் சந்தோக். அவர் ஐந்தாவதாக வந்தார். அணியின் முதல் வெற்றி 2017இல் பெர்லினில், பெலிக்ஸ் ரோசன்குவிஸ்ட் என்ற சுவீடன் ஓட்டுநரால் கிடைத்தது.

உண்மையான உரிமையாளர் யார்?

அணியின் தாய் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா. பெயரில் குடும்பம் இருந்தாலும், நிறுவனர் தரப்பினர் கையில் உள்ள பங்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பாகத்துக்கும் குறைவு. மீதி எல்.ஐ.சி., பரஸ்பர நிதிகள், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள், தனிநபர்கள் ஆகியோரிடம் பரவிக் கிடக்கிறது. நிஃப்டி 50 குறியீட்டில் இந்த நிறுவனம் இருப்பதால், அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் எல்லாம் இதன் பங்கை வாங்கியே ஆகவேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதியும் 2015 முதல் இத்தகைய குறியீட்டு நிதிகளில் போடப்படுகிறது.

ஆகவே கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் எல்.ஐ.சி. பாலிசி எடுத்திருப்பவருக்கும் பெர்லின் பந்தயத் தடத்துக்கும் இடையே மெல்லியதாய் ஓர் இழை இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து, மிளகும் பலாவும் ஏற்றி இறங்கும் பொலிரோ வண்டிகளை வாங்கியவர்களுக்கும் அப்படியே. பந்தயத்துக்குப் போகும் பணம் டிராக்டர், ஜீப், சுமை வண்டி விற்பனையில் ஈட்டியதுதான்.

பங்குதாரர் என்ன செய்ய முடியும்?

"இந்த ஆண்டு பந்தயம் வேண்டுமா, வேண்டாமா?" என்று பங்குதாரர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அது இயக்குநர் குழுவின் முடிவு. பங்குதாரர்கள் வாக்களிப்பது கணக்கறிக்கை, இயக்குநர் நியமனம், தணிக்கையாளர் நியமனம், ஊதியம் போன்றவற்றுக்கே. ஆனால் அந்த வாக்கு வெறும் சடங்கு என்று எண்ணிவிடக்கூடாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸில், 2021 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரை மறுநியமனம் செய்யும் சிறப்புத் தீர்மானம் தேவையான முக்கால் பங்கு வாக்குப் பெறாமல் தோற்றது. அவர் நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்தவர். எதிர்ப்புக்குக் காரணம் ஊதிய உயர்வு. பிறகு திருத்திய ஊதிய வரம்போடுதான் அவர் மீண்டும் நியமிக்கப்பட்டார்.

வாக்கைவிடக் கூர்மையான ஆயுதம் பங்கை விற்றுவிட்டுப் போவது. பட்டியலிட்ட நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். முதலீட்டு ஆய்வாளர்கள் ஒவ்வொரு முறையும், எந்தத் துணை நிறுவனம் பணத்தை விழுங்குகிறது என்று துருவிக் கேட்பார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் பங்கு விலை இறங்கும்.

2020 என்னும் சோதனை

மகிந்திராவுக்கு இந்தச் சோதனை 2020இல் வந்தது. 2011இல் வாங்கிய தென்கொரியாவின் சாங்யாங் கார் நிறுவனம் நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. கொரோனா ஊரடங்கில் வண்டி விற்பனையும் நின்றது. முதலீட்டாளர்களின் பொறுமை தீர்ந்த நிலையில், குழுமம் தன் தொழில்களை மூன்றாகப் பிரித்தது. பங்கு மூலதனத்தின்மீது 18 சதவீத வருவாய் தரும் பாதை தெளிவாக உள்ளவை ஒரு வகை. அந்த வருவாய் இப்போது இல்லாவிட்டாலும், அளந்து காட்டக்கூடிய வேறு பயன் உள்ளவை இன்னொரு வகை. இரண்டும் இல்லாதவற்றிலிருந்து வெளியேறுவது என்று முடிவாயிற்று. சாங்யாங்குக்குப் புதிதாகப் பணம் போட இயக்குநர் குழு மறுத்தது. அந்த நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. அமெரிக்காவில் நடத்திவந்த ஜென்சி என்ற மின் ஸ்கூட்டர் தொழிலும் மூடப்பட்டது.

பந்தய அணி மூடப்படவில்லை. அதே 2020இன் இறுதியில், ஃபார்முலா ஈயின் மூன்றாம் தலைமுறைக் கார்களுக்கு முதலில் ஒப்பந்தம் செய்த அணி மகிந்திராதான்! நேரடி லாபம் தராத ஒன்று கத்தரிக்குத் தப்பியது எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். அளவு ஒரு காரணம்: 2024-25இல் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒருங்கிணைந்த வருவாய் ஈட்டிய குழுமத்தில் பந்தயச் செலவு சிறு துளி. ஆனால் ஜென்சியும் சிறியதுதானே? ஆகவே அளவு மட்டும் காரணமாக முடியாது. என் கணிப்பில், நிறுவனம் எதை விற்கப்போகிறதோ அதையே பந்தயமும் பேசியது என்பதுதான் முக்கியக் காரணம். மகிந்திரா மின் கார்களுக்குப் பெரும் முதலீடு செய்யத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் வந்த பி.ஈ. 6, எக்ஸ்.ஈ.வி. 9ஈ ஆகிய கார்கள் 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமாயின. அணியின் செலவை விளம்பரம் என்றோ ஆராய்ச்சி என்றோ பங்குதாரர்முன் நியாயப்படுத்த முடிந்தது.

இந்த விளக்கத்தை உரசிப் பார்க்க, மகிந்திராவின் மற்றொரு பந்தய முயற்சி உதவுகிறது. 2011இல் அது மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத்தில் இறங்கியது. மோட்டோ3 பிரிவில் 2016இல் நெதர்லாந்தின் அசென் தடத்தில் பிரான்செஸ்கோ பன்யாயா அதற்கு முதல் வெற்றியைத் தேடித்தந்தார். பின்னாளில் மோட்டோ ஜிபி உலக வாகையர் ஆனவர் இவரே. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மகிந்திராவின் சொந்தப் பெயரில் வந்த இருசக்கர வண்டிகள் கடைகளில் போகவில்லை. விற்க வண்டி இல்லாதபோது பந்தயம் எதற்கு? 2017 பருவத்தோடு அந்த அணி விலகிக்கொண்டது. வெற்றி கிடைத்த மறு ஆண்டிலேயே ஓர் அணி முடிவுக்கு வந்ததென்றால், தடத்தில் கிடைத்த இடம் மட்டும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை என்று தெரிகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "பந்தயத்தில் கற்றதைச் சாலைக்குக் கொண்டுவருகிறோம்" என்ற விளம்பர வாசகத்தை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஃபார்முலா ஈயில் பேட்டரி எல்லா அணிகளுக்கும் பொதுவானது. மோட்டார், மின்மாற்றுக் கருவி, பின்புற இயக்கப் பாகங்கள், மென்பொருள் ஆகியவற்றில்தான் அணிகள் தம் கைவரிசையைக் காட்ட முடியும். மின் காரில் விலை மிகுந்த பாகமான பேட்டரியைப் பற்றிய பாடம் அங்கே குறைவு.

பிற நாடுகளில்

2008இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் இதே கணக்கு வேறு விடை தந்தது. ஃபார்முலா 1 பந்தயத்திலிருந்து ஹோண்டா 2008 டிசம்பரிலும், பி.எம்.டபிள்யூ. 2009 ஜூலையிலும், டொயோட்டா 2009 நவம்பரிலும் விலகுவதாக அறிவித்தன. மூன்றும் பட்டியலிட்ட நிறுவனங்கள். ஆலைகளில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே பந்தயத்துக்குக் கோடிகளைக் கொட்டுவதைப் பங்குதாரருக்கு விளக்க முடியாது. ஹோண்டா தன் அணியை அதன் தலைவர் ராஸ் பிரானுக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. 2009இலேயே அந்த அணி உலக வாகை சூடியது வேடிக்கை! இப்போது ஃபார்முலா 1, ஃபார்முலா ஈ இரண்டிலும் செலவுக்கு உச்சவரம்பு வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுச் செலவை முன்கூட்டியே சொல்ல முடிவதால் இயக்குநர் குழுக்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஃபெராரி விதிவிலக்கு. 2015 அக்டோபரில் 52 டாலர் விலையில் நியூயார்க் சந்தைக்கு வந்தபோது, அது தேர்ந்துகொண்ட பங்குக் குறியீடே 'ரேஸ்'. அங்கே பந்தயத்தை நிறுத்தினால்தான் பங்குதாரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பொதுப் பங்குதாரர்களின் நெருக்கடி இல்லாத தனியார் அணிதான் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியப் பெயர் தாங்கிய ஃபோர்ஸ் இந்தியா அணி, அதன் உரிமையாளர்களின் சொந்தப் பணச்சிக்கல்கள் நீடித்த வேளையில், 2018 ஜூலையில் கடன் தீர்க்கும் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

கணக்கை எங்கே பார்ப்பது?

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, தாய் நிறுவனம் ஒவ்வொரு துணை நிறுவனத்தின் மூலதனம், வருவாய், லாப நட்டம் ஆகியவற்றைச் சுருக்கமாக வெளியிட வேண்டும். மகிந்திராவின் ஆண்டறிக்கையைத் தரவிறக்கி, துணை நிறுவனங்களின் நீண்ட பட்டியலில் 'மகிந்திரா ரேசிங் யுகே லிமிடெட்' என்ற பெயரைத் தேடுங்கள். வணிகவியல் படிக்கும் மேனிலை மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து, அந்த ஒற்றை வரி எப்படி மாறிவருகிறது என்று பார்க்கலாம். அதில் தாய் நிறுவனத்திடமிருந்தே வரும் பணமும் வருவாயாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.