பி.ஆர். வாங்கித் தந்த மாகாணத்தை விட்டு வேறு மாகாணத்துக்குப் போகலாமா? கனடா சட்டம் சொல்வது என்ன?

“மச்சான், பி.ஆர். வந்தாச்சு. இனி டொரண்டோ பக்கம் வந்துடவா?”

கனடாவுக்குப் புதிதாகக் குடிபோன நம்ம ஊர் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பதில்களும் ரெண்டே வகைதான். “சட்டப்படி எங்க வேணும்னாலும் போகலாம், பயப்படாத” என்பது ஒன்று. “போயிடாத, பி.ஆரையே பிடுங்கிடுவாங்க” என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கோவையில் ஐ.டி. வேலையில் இருந்த ஒருவரை சஸ்காட்செவன் மாகாணம் தேர்வு செய்து பரிந்துரைக்கிறது. பி.ஆர். கிடைத்து மனைவியோடு ரெஜைனா நகரில் போய் இறங்குகிறார். நான்கு மாதம் தேடியும் அவர் துறையில் வேலை அமையவில்லை. அந்த நேரம் பார்த்து டொரண்டோவிலிருந்து ஒரு நல்ல ஆஃபர் வருகிறது. மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. இவர் கிளம்பலாமா, கூடாதா?

இடம் மாறும் உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. கனடா அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியாக 1982-ல் வந்த உரிமைகள் சாசனத்தின் 6-வது பிரிவு, குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் ஒரே மாதிரியான உரிமையைத் தருகிறது. எந்த மாகாணத்துக்கும் போய்க் குடியேறலாம், எந்த மாகாணத்திலும் பிழைப்பு தேடலாம். பி.ஆர். கிடைத்த மறுநாளிலிருந்தே இது பொருந்தும்.

பி.ஆரைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள். இந்த இரண்டு கணக்கிலும் எந்த மாகாணத்தில் இருந்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் என்ன சிக்கல்?

சிக்கல் நீங்கள் இடம் மாறுவதில் இல்லை, பி.ஆர். வாங்கும்போது என்ன சொன்னீர்கள் என்பதில் இருக்கிறது.

மாகாணப் பரிந்துரைத் திட்டத்தில், அதாவது பி.என்.பி.யில் விண்ணப்பிப்பவர், தன்னைப் பரிந்துரைத்த மாகாணத்திலேயே வசிக்கும் எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இந்தப் பரிந்துரைக்கு மட்டும் 600 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ரேங்கிங்கில் கீழே கிடந்தவரைக் கூட ஒரே நாளில் மேலே தூக்கிவிடும் புள்ளிகள் இவை. ஆள் பற்றாக்குறை உள்ள தன் ஊருக்கு நீங்கள் வருவீர்கள் என்று நம்பித்தான் மாகாணம் அதைத் தருகிறது.

“சும்மா சஸ்காட்செவன்னு போட்டு வாங்கிடுவோம், இறங்கினதும் டொரண்டோ போயிடுவோம்” என்று ஆரம்பத்திலேயே திட்டம் போட்டிருந்தால், அது பொய்யான தகவல் கொடுத்ததாகக் கருதப்படலாம். குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவு இதைப் பற்றியது. நிரூபணமானால் பி.ஆர். பறிபோகும், ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை வரும். பின்னாளில் குடியுரிமை வாங்கிவிட்டாலும் தப்பித்துவிட்டதாக நினைக்க முடியாது. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையையும் ரத்து செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆனால் இது தானாக நடந்துவிடும் விஷயம் இல்லை. அதிகாரி அறிக்கை எழுத வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. இடம் மாறியவர்களை எல்லாம் வீடு தேடி வந்து பிடிக்கிறார்கள் என்பது மிகை. ஒருவரையும் கேட்பதே இல்லை என்பதும் தவறு.

அட்லாண்டிக் குடிவரவுத் திட்டத்தில் வந்தவர்களுக்கும் இதே நியாயம்தான். நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் ஆகிய நான்கு மாகாணங்களுக்காக மட்டுமே உள்ள திட்டம் அது.

சரி, எத்தனை மாதம் இருந்தால் போதும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆறு மாதம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது.

சட்டம் பார்ப்பது எண்ணத்தை. எண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காகிதத்தில்தான் பார்க்க முடியும். ரெஜைனாவில் வீட்டு ஒப்பந்தம் போட்டீர்களா, அங்கே வேலைக்கு விண்ணப்பித்தீர்களா, இன்டர்வியூ போனீர்களா, வங்கிக் கணக்கு திறந்தீர்களா என்பவைதான் பதில் சொல்லும். விமான டிக்கெட்டே நேராக டொரண்டோவுக்கு, இறங்குவதற்கு முன்பே அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

நம் உதாரணத்தில் வரும் நபர் நான்கு மாதம் நிஜமாகவே அங்கே வாழ்ந்திருக்கிறார், வேலை தேடியிருக்கிறார். சூழ்நிலை மாறியதால் கிளம்புகிறார். அந்த மெயில்களையும் ரசீதுகளையும் அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான்கு வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தின்போது கேள்வி வந்தாலும் கைகொடுப்பவை அவைதான்.

கியூபெக் ஏன் தனிக் கதை?

1991-ல் மத்திய அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பொருளாதாரப் பிரிவில் வருபவர்களை கியூபெக் தானே தேர்வு செய்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக வருபவர்கள் கியூபெக்குக்கு வெளியே வசிக்கும் எண்ணம் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

பிற்பாடு மான்ட்ரியலில் வேலை கிடைத்துப் போகிறீர்கள் என்றால் உரிமை உண்டு. ஆனால் 1977-ல் வந்த மொழிச் சட்டப்படி, புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சு வழி அரசுப் பள்ளியில்தான் சேர வேண்டியிருக்கும். மாகாண வருமான வரிக்குத் தனி ரிட்டர்னும் போட வேண்டும்.

மருத்துவ அட்டை: இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க

கனடாவில் மருத்துவக் காப்பீடு மாகாணத்தின் பொறுப்பு. 1984-ம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டப்படி, புதிதாக வந்தவரை ஒரு மாகாணம் அதிகபட்சம் மூன்று மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். அந்த இடைவெளியில் பழைய மாகாணத்தின் காப்பீடு தொடரும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீங்கள் வந்த மாதத்தின் மீதி நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மார்ச் 10-ம் தேதி வான்கூவரில் குடியேறினால், ஜூன் 1 முதல்தான் அந்த மாகாணக் காப்பீடு. ஒன்டாரியோ தன் மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது.

பழைய அட்டை செல்லும் என்பதால் எல்லாமே இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ், மருந்துச் செலவு போன்றவை வேறு மாகாணத்தில் பெரும்பாலும் அதில் வராது. மாகாணங்களுக்கு இடையே டாக்டர் கட்டணத்தை நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டில் கியூபெக் இல்லை. அதனால் அந்த அட்டையோடு வெளியே போனால், கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டி வரலாம்.

இன்னொரு விஷயம். முதல் மாகாணத்தில் காத்திருப்பு முடிவதற்கு முன்பே அடுத்த மாகாணத்துக்குக் கிளம்பினால், எந்தக் காப்பீடும் இல்லாத நாட்கள் உருவாகலாம். வீட்டில் கர்ப்பிணியோ, சர்க்கரை நோயாளியோ இருந்தால் இந்தத் தேதிகளைத்தான் முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸ், வரி, படிப்பு

ஓட்டுநர் உரிமத்தை ஒன்டாரியோவில் 60 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 90 நாட்கள். சஸ்காட்செவனில் அடிப்படை வாகனக் காப்பீட்டை அரசு நிறுவனமே தருகிறது. ஒன்டாரியோவில் தனியார் கம்பெனிகள்தான். ஆஃபர் லெட்டரில் உள்ள சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன், புது முகவரிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்.

மாகாண வருமான வரி, டிசம்பர் 31 அன்று நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசம்பர் 20-ம் தேதி குடிமாறினாலும் பொதுவாக அந்த ஆண்டு முழுவதற்கும் புது மாகாணத்தின் விகிதம்தான். வேலைக்காக மாறும்போது, புது வீடு வேலை இடத்துக்கு 40 கி.மீ.யாவது நெருக்கமாக இருந்தால், குடிமாறும் செலவை வருமானத்தில் கழிக்கலாம். லாரி வாடகை, டிக்கெட், வழியில் தங்கிய ரசீது எல்லாம் தேவைப்படும்.

கடையில் கட்டும் விற்பனை வரியும் மாறும். ஆல்பர்ட்டாவில் மொத்தமே 5%, ஒன்டாரியோவில் 13%.

நர்ஸ், ஆசிரியர், இன்ஜினீயர் போன்ற தொழில்களுக்கு உரிமம் தருவது அந்தந்த மாகாண அமைப்பு. உரிமம் வந்த பிறகு மாறுவது எளிது, பாதியில் மாறினால் நடைமுறை நீளும். அரசின் மாணவர் உதவிக்குக் கடைசியாக எந்த மாகாணத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்தீர்கள் என்று பார்ப்பார்கள். முழுநேர மாணவராக இருந்த காலம் அதில் சேராது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

• முதல் பி.ஆர். கார்டு இன்னும் வரவில்லை என்றால் குடிவரவுத் துறையில் முகவரியை உடனே மாற்றுங்கள். பழைய வீட்டுக்குப் போன கார்டைத் தேடி அலைவது பெரிய தலைவலி.
• பழைய மாகாண சுகாதாரத் துறைக்குக் கிளம்பும் தேதியைச் சொல்லுங்கள். புது ஊரில் இறங்கிய வாரமே விண்ணப்பியுங்கள்.
• வருவாய்த் துறையில் முகவரியை மாற்றுங்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகை அதை வைத்துத்தான் வருகிறது.
• வீட்டு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள்.
• முதல் மாகாணத்தில் வாழ்ந்ததற்கான ஆதாரங்களை ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள்.

நம்ம கோவைக்காரர் டொரண்டோ போகலாம். நான்கு மாதம் நேர்மையாக முயன்றவருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது. ஆஃபருக்கு ‘ஓகே’ சொல்லும் முன், பிரசவத் தேதியையும் காப்பீட்டுத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

இன்னும் விண்ணப்பமே போடாமல், “எந்த மாகாணம் ஈஸி?” என்று மட்டும் தேடிக்கொண்டிருப்பவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: அந்த ஊரில் நிஜமாகவே வாழ முடியுமா? கையெழுத்து போட்ட பிறகு அந்தக் கேள்வியை அதிகாரி கேட்பதைவிட, இப்போதே நீங்கள் கேட்டுக்கொள்வது நல்லது.