ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா?

ஸ்காட்லாந்து நாட்டில் ஃபோர்ட் வில்லியம் என்று ஒரு சிறிய ஊர். அதை ஒட்டியே பென் நெவிஸ் மலை நிற்கிறது. உயரம் 1,345 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான மலை இதுதான். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் இங்கே ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. ஊரிலிருந்து புறப்பட்டு, உச்சியைத் தொட்டுவிட்டு, மீண்டும் ஊருக்கே ஓடி வர வேண்டும். போக வர சுமார் 14 கிலோமீட்டர். 1895இல் வில்லியம் ஸ்வான் என்பவர் 2 மணி 41 நிமிடத்தில் இப்படி ஓடி வந்தார். 1955இல் காத்லீன் கனோக்கி என்ற 16 வயதுப் பெண் 3 மணி 2 நிமிடத்தில் ஓடி முடித்தார். 1984இல் கென்னி ஸ்டூவர்ட் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 25 நிமிடம் 34 விநாடிதான்!

உங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றிலும் இப்படி ஒரு சிறிய பந்தயம் நடக்கிறது, நீங்களும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதற்குப் பயிற்சி செய்வீர்கள்? "ஏறுவதற்குத்தான். இறங்குவதற்குப் பயிற்சி எதற்கு?" என்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் எடை 50 கிலோ, குன்றின் உயரம் 300 மீட்டர். உச்சிக்குப் போக நீங்கள் செய்யும் வேலை 50 × 9.8 × 300 = 1,47,000 ஜூல். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிறது. ஆகவே உண்மையான செலவு சுமார் 6 லட்சம் ஜூல். மூச்சு வாங்குவதில் வியப்பில்லை!

உச்சியில் அந்த 1,47,000 ஜூல் நிலையாற்றலாக உங்களிடம் இருக்கிறது. அடிவாரத்தில் வந்து நின்றதும் அது எங்கே போயிற்று? உருண்டு விழும் கல்லாக இருந்தால் வேகமாக மாறியிருக்கும். நீங்களோ ஒவ்வோர் அடியிலும் பிரேக் போட்டுக்கொண்டே வந்தீர்கள். ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாயிற்று. அந்த பிரேக் எது? முக்கியமாக, உங்கள் முன்தொடைத் தசை.

ஏறும்போது தசை இறுகிச் சுருங்குகிறது. இறங்கும்போதோ முழங்கால் மடங்குவதால், இறுகிய நிலையிலேயே தசை இழுபட்டு நீளுகிறது. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! 1952இல் அபட், பிக்லண்ட், ரிட்சி என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு சைக்கிள்களைப் பின்னுக்குப் பின் நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதைக் காலால் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுத்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகவும் குறைவு!

"அப்படியானால் இறங்குவது லாபம்தானே?" என்று கேட்கலாம். மூச்சுக்கு லாபம், தசைக்கு நஷ்டம். இழுபடும் தசையில் குறைவான இழைகளே சுமையைத் தாங்குகின்றன. ஒவ்வோர் இழைக்கும் பளு கூடுகிறது. நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மூச்சு வாங்காததால் நமக்கு எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. வேகமாக இறங்குகிறோம். தொடை தளர்கிறது, பாதம் சரியாகத் தூக்கப்படுவதில்லை, ஒரு வேரோ கல்லோ தடுக்கிவிடுகிறது. கணுக்கால் பிசகினால் அன்றைய பந்தயம் முடிந்தது.

வலி வருவது மறுநாளும் அதற்கடுத்த நாளும். "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. அந்த அமிலம் ஓடி முடித்து ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடும். வலிக்குக் காரணம் இழைகளின் சிதைவும், அதைச் சீராக்க உடல் செய்யும் வேலையும்தான்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. தசை பாடம் கற்றுக்கொள்ளும்! பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு சிறு சரிவில் சிலமுறை மெதுவாக ஓடி இறங்குங்கள். லேசாக வலிக்கும். அடுத்த முறை வலி மிகவும் குறைந்திருக்கும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். ஆனால் பந்தயத்துக்கு முந்திய மூன்று நாட்களில் இதைச் செய்யாதீர்கள்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுநர் என்ன செய்கிறார்? குறைந்த கியரில் இறங்குகிறார். நீங்களும் அப்படியே சின்னச் சின்ன அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கி, சில மீட்டர் முன்னால் பார்த்து இறங்குங்கள். தண்ணீர் குடிக்க மறவாதீர்கள். பந்தயத்துக்குப் பின் வலி தாங்க முடியாமல், சிறுநீரும் கடுந்தேநீர் நிறத்தில் போனால், உடனே டாக்டரிடம் செல்லுங்கள். தசைச் சிதைவு அளவு மீறியதன் அடையாளம் அது; சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இன்றே ஒரு சோதனை செய்யலாம். பள்ளி மாடிப்படியில் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையை மேற்படியில் ஊன்றிய காலின் தொடைமேல் வைத்து, மற்றக் காலை மெதுவாகக் கீழ்ப்படியில் இறக்குங்கள். ஊன்றிய முழங்கால் மடங்க மடங்கத் தொடை கல்லைப்போல் இறுகுகிறதல்லவா? உங்கள் பிரேக் வேலை செய்கிறது!